விடியற்கால வானொலியில் ஓர் அகதியின் இசை

எமது ஊர்களில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில் திருச்சி நிலையத்தைத் திருப்பிக் கேட்காத வீடுகள் குறைவு. நல்ல கச்சேரி கேட்க வேண்டுமென்றால் கடல் தாண்டி வரும் அந்த அலைவரிசைதான் பலருக்கும் வழி. காலையில் ஒலிபரப்புத் தொடங்கும் முன்னர், வாசிப்பவரின் குரல் வருவதற்கும் முன்னர், ஒரு சிறு இசை ஒலிக்கும். பின்னால் தம்புராவின் சுருதி, முன்னால் வயலினில் ஒரு மெட்டு. சோகமா, அமைதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத மெட்டு அது. சிறிது நேரம் திரும்பத் திரும்ப வந்து, பின்னர் ஓய்ந்துவிடும்.

அது அகில இந்திய வானொலியின் அடையாள இசை. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரையும், அதற்கு அப்பால் எமது கரைகளிலும், எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல தலைமுறைகள் அதைக் கேட்டு விழித்தெழுந்தன. கேட்டவர்களில் அநேகர் அதை ஏதோ பழைய இந்திய வித்துவான் ஒருவர் செய்தது என்றே எண்ணியிருப்பர். ஆனால் அந்த இசையை 1936 இல் ஆக்கியவர் ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர் ஒருவர். அவர் பெயர் வால்டர் கவுஃப்மான். வேறு சிலரின் பெயர்களும் காலத்துக்குக் காலம் சொல்லப்பட்டதுண்டு. எனினும் அது கவுஃப்மானின் ஆக்கம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

புதிய நாட்டில் அண்மையில் காலூன்றியிருக்கும் எமது குடும்பங்கள் இவரது வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறோம். ஐந்து நாடுகளில் வாழ்க்கையை மீண்டும் மீண்டும் தொடங்கிய மனிதர் அவர். கொண்டுவந்ததை எவ்வளவு காப்பது, வந்த இடத்தில் எவ்வளவு கற்பது என்ற கேள்வி எம் வீடுகளில் தினமும் எழுகிறது. அதற்கு அவர் வாழ்ந்தே ஒரு விடை தந்திருக்கிறார்.

பிறந்த மண்

கவுஃப்மான் 1907 ஏப்ரல் 1 ஆம் திகதி கார்ல்ஸ்பாட் என்ற நகரில் பிறந்தார். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன நகரம் அது. அவர் பிறந்தபோது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. 1918 இல் முதலாம் உலகப் போர் முடிந்தபின் செக்கோசிலோவாக்கியா என்ற புதிய நாட்டுக்குள் வந்தது. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, நாட்டின் பெயர் மாறிப்போயிற்று. எல்லைகள் தலைக்கு மேலால் நகர்வது எப்படி என்பதை அந்தப் பகுதி மக்கள் சிறு வயதிலேயே கண்டுகொண்டனர்.

இளைஞர் கவுஃப்மான் பேர்லினில் உள்ள இசை உயர்கல்லூரிக்குச் சென்றார். அங்கே ஃபிரான்ஸ் ஷ்ரேக்கர் என்ற பெரும் இசையமைப்பாளரிடம் இசையாக்கம் பயின்றார். உலக இசைக்கருவிகளை ஆராய்ந்து வகைப்படுத்திய அறிஞர் குர்ட் சாக்ஸிடமும் பாடம் கேட்டார். பேர்லின் சார்லொட்டன்பேர்க் ஓபரா அரங்கில் புகழ்பெற்ற நடத்துனர் புரூனோ வால்டருக்கு உதவியாளராக இருந்தார். ஓபரா என்பது எமது இசை நாடகம் போல, கதையை முழுக்கப் பாட்டிலே நடத்தும் மேடைக்கலை. கோடை காலங்களில் சொந்த ஊர்ப் பக்கத்து அரங்குகளில் தாமே இசைக்குழுவை நடத்தினார். முப்பது வயதுக்கு முன்னரே அவருக்கு நல்ல எதிர்காலம் தெரிந்தது.

1933 ஜனவரி 30 ஆம் திகதி ஜேர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். சில மாதங்களுக்குள் யூத இசைக்கலைஞர்கள் அரங்குகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். புரூனோ வால்டரின் கச்சேரிகள் தடுக்கப்பட்டன. குர்ட் சாக்ஸ் வேலை இழந்து பாரிசுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் போனார். ஆசிரியர் ஷ்ரேக்கர் பதவியிழந்து 1934 இல் காலமானார். கவுஃப்மான் அண்ணாந்து பார்த்த பெரியவர்கள் எல்லோரும் ஓரிரு ஆண்டுகளுக்குள் சிதறிப் போயினர்.

இந்த இடத்தில் எம் படித்த இளைஞர்களுக்கு ஒரு செய்தி உண்டு. கவுஃப்மான் பிராக் நகரின் ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக, குஸ்தாவ் மாலர் என்ற இசையமைப்பாளரைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதியிருந்தார். வேலை முடிந்துவிட்டது. பட்டத்தை வாங்குவதுதான் மீதி. அந்த வேளையில் தம் மேற்பார்வைப் பேராசிரியர் நாஜிகளைச் சேர்ந்தவர் என்று தெரியவந்தது. அவர் கையால் வரும் பட்டம் தமக்கு வேண்டாம் என்று கவுஃப்மான் விட்டுவிட்டார். சான்றிதழின் மதிப்பை அகதியாய் வந்த நாம் நன்கு அறிவோம். அதைக் கைநீட்டி வாங்கக்கூடிய தூரத்தில் வைத்துவிட்டு வருவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதையும் அறிவோம்.

விசா கிடைத்த இடம்

1934 பெப்ரவரியில் கவுஃப்மான் பம்பாயில் வந்து இறங்கினார். ஏன் இந்தியா? இந்திய இசையின்மீது இருந்த நாட்டம் ஒரு காரணம். ஆனால் பின்னாளில் இதே கேள்வி எழுந்தபோது, அங்கே போக எளிதில் விசா கிடைத்தது என்று அவர் நேராகவே பதில் சொன்னார். எங்களில் எத்தனை பேர் இதே பதிலைச் சொல்லியிருக்கிறோம்! எந்த நாடு என்று நாம் தெரிவதைவிட, எந்தக் கதவு திறந்திருந்தது என்பதே பெரும்பாலும் முடிவுசெய்கிறது.

அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று பம்பாயில் இருந்தது. திரைப்பட இயக்குநர் மோகன் பவ்னானி ஜேர்மனியில் சினிமாத் தொழில் கற்றவர். அவருடைய படங்களுக்குக் கவுஃப்மான் இசை அமைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின், பிராக்கைச் சேர்ந்த யூத எழுத்தாளர் வில்லி ஹாஸ் 1939 இல் தப்பி வந்தபோது அவருக்கும் அதே பவ்னானியிடம் திரைக்கதை எழுதும் வேலை கிடைத்தது. ஒருவர் வந்த வழியால் அடுத்தவர் வருவதும், முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்கு வேலை காட்டிக் கொடுப்பதும் எங்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

கவுஃப்மானின் மனைவி கெர்ட்டி, ஃபிரான்ஸ் காஃப்கா என்ற உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரின் தங்கை எல்லியின் மகள். காஃப்காவுக்கு மூன்று தங்கையர். மூவரும் பின்னர் நாஜிகளின் கையில் மாண்டனர். மகள் தப்பி வேறு நாட்டில் வாழ, தாய் அங்கே அகப்பட்டு மடிந்தார். தபால் வராத நாட்கள் என்றால் என்ன என்று அந்தக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்கும்.

பம்பாயில் கவுஃப்மான் சும்மா இருக்கவில்லை. வந்த அதே 1934 இல் பம்பாய் அறையிசைச் சங்கத்தைத் தொடங்கினார். அறையிசை என்பது மூன்று, நான்கு கலைஞர்கள் ஒரு சிறு மண்டபத்தில் நெருங்கி இருந்து வாசிக்கும் ஐரோப்பிய இசை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி நடந்தது. பியானோவில் கவுஃப்மான், செலோவில் வேர்கா என்ற இத்தாலியர், வயலினில் மெஹ்லி மேத்தா என்ற பம்பாய்ப் பார்சி இளைஞர். இந்த மெஹ்லி மேத்தாவின் மகன்தான் சூபின் மேத்தா. அவர் 1961 முதல் 1967 வரை மொன்றியல் சிம்பொனி இசைக்குழுவை நடத்தியவர். பின்னர் பல பத்தாண்டுகள் இஸ்ரேல் பில்ஹார்மோனிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். அந்தக் குழுவே 1936 இல் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதக் கலைஞர்களைச் சேர்த்து அமைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

குறை யாருடையது?

கவுஃப்மான் முதலில் இந்திய இசைத்தட்டுகளைக் கேட்டபோது ஒன்றும் விளங்கவில்லை. அது காதுக்கு அந்நியமாக இருந்தது. வந்த நாட்டின் இசையையோ உணவையோ பேச்சையோ முதலில் எதிர்கொள்ளும் எவருக்கும் நேர்வதுதான் இது. எங்களில் பலரும் அப்படித்தான் வந்த நாட்டு இசையை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்நாட்டவரும் எங்கள் நாதஸ்வரத்தைக் கேட்டு அதையே சொல்கிறார்கள்.

கவுஃப்மான் யோசித்த விதம் வேறு. இந்த இசையை ஆக்கியவர்கள் அறிவும் இதயமும் உள்ள மனிதர். இலட்சக்கணக்கானோர் இதை நேசிக்கின்றனர். அப்படியிருக்க எனக்கு மட்டும் விளங்கவில்லை என்றால் குறை என்னிடம்தான் இருக்க வேண்டும். ஆகவே அது பிறந்த இடத்துக்கே போய்க் கற்பதுதான் சரி. இதுவே அவர் வந்த முடிவு. ஐரோப்பிய இசையே உயர்ந்தது என்று ஐரோப்பியர் பலரும் எண்ணியிருந்த காலத்தில், அதுவும் ஆங்கிலேயர் இந்தியாவை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் இப்படி எண்ணியது சாதாரண விடயம் அல்ல.

அவர் ராகங்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். நகரத்துச் சங்கீதத்தோடு நின்றுவிடவில்லை. நடு இந்தியக் காடுகளில் வாழும் கோண்டு, பைகா பழங்குடி மக்களின் பாடல்களைக் குறித்துக்கொண்டார். அந்தப் பாடல்களைப் பற்றிய அவரது கட்டுரை 1941 இல் அமெரிக்காவின் பெரிய இசை ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. இந்தியாவிலேயே பலரும் திரும்பிப் பார்க்காத மக்களின் பாட்டைக் கேட்க ஓர் அகதி காட்டுக்குப் போனார்.

அதேவேளை தாம் கற்று வந்ததையும் அவர் கைவிடவில்லை. வியாழக்கிழமைக் கச்சேரி தொடர்ந்தது. ஐரோப்பிய முறையில் நால்வர் வாசிக்கும் தந்தி இசைகளும் சிம்பொனிகளும் எழுதினார். அவற்றுள்ளே இந்திய ராகங்களின் சாயல் வந்து புகுந்தது. ‘அனசூயா’ என்ற பெயரில் வானொலிக்கென்றே ஓர் ஓபரா எழுதினார். பின்னாளில் ‘மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்’ என்றுகூட ஓர் இசைக்குப் பெயரிட்டார்.

ஐந்து சுரங்களில் ஒரு விடியல்

1937 இல் கவுஃப்மான் அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். 1946 வரை அங்கே பணியாற்றினார். ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்துவந்த ஒலிபரப்புச் சேவைக்கு அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936 ஜூனில்தான் சூட்டப்பட்டது. சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் திறக்கப்பட்டன. ஆக, அந்த அடையாள இசை பிறந்தபோது வானொலியே ஒரு குழந்தைதான்.

அந்த மெட்டு சிவரஞ்சனி ராகத்தில் அமைந்தது. எமது இசை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ச ரி க ப த என்று ஐந்தே சுரங்கள். ம, நி இரண்டும் இல்லை. மோகனத்திலும் இதே ஐந்து எழுத்துகள்தாம். ஆனால் மோகனத்தில் வரும் பெரிய காந்தாரத்துக்குப் பதிலாகச் சிவரஞ்சனியில் சிறிய காந்தாரம் வருகிறது. அந்த ஒரு சுரம் அரைப்படி கீழே இறங்கியவுடன் மோகனத்தின் மலர்ச்சி ஏக்கமாக மாறிவிடுகிறது. சினிமாப் பாடல்களில் பிரிவைச் சொல்ல வேண்டிய இடங்களில் இசையமைப்பாளர்கள் இந்த ராகத்தை நாடுவது இதனால்தான்.

நாளின் தொடக்கத்துக்கு ஒரு மெட்டு வேண்டும் என்றால் எவரும் மங்கலமான ராகம் ஒன்றைத் தேடுவர். கவுஃப்மான் ஏன் ஏக்கமுள்ள ராகத்தைத் தொட்டார் என்று இன்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டை விட்டு வந்த எவருக்கும் அந்த மெட்டு ஏன் நெஞ்சைத் தொடுகிறது என்று விளக்கவும் தேவையில்லை. தம்புராவும் ராகமும் இந்தியாவுக்கு உரியவை. மெட்டைச் சிறு சிறு துண்டாக அடுக்கிய விதத்தில் ஐரோப்பாவின் பயிற்சி தெரிகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்காமல் அருகருகே இருக்கின்றன.

மூடிய கதவுகள்

கவுஃப்மான் பம்பாயில் பாதுகாப்பாக இருந்த ஆண்டுகளில் மற்ற யூதர்களுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. பேசியதோடு சரி. அநேக நாடுகள் தங்கள் வாசலைத் திறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கவுஃப்மானின் ஊரான கார்ல்ஸ்பாட் ஜேர்மனியின் கைக்குப் போனது. 1939 இல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் 900 க்கு மேற்பட்ட யூதர் வந்தபோது கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் அவர்களை ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. கனடா அதற்கு மன்னிப்புக் கேட்டது 2018 இல்தான்.

ஆசியாவிலும் அடைக்கலம் நிலையானதாக இருக்கவில்லை. அதற்கு ரங்கூனைப் பார்த்தால் போதும். இன்று யாங்கோன் என்று அழைக்கப்படும் அந்த நகரம் 1937 வரை பிரித்தானிய இந்தியாவின் ஆட்சிக்குள் இருந்தது. பாக்தாத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் வணிகம் செய்ய வந்த யூதர்கள் அங்கே ஒரு சமூகமாக வாழ்ந்தனர். 26 ஆம் தெருவில் அவர்களுடைய ஜெபாலயம் இருக்கிறது. 1854 இல் மரத்தால் கட்டப்பட்டு, 1890களில் கல்லால் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் அது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், தமிழர்கள் 1871 இல் எழுப்பிய காளி கோயில். யூதக் கடைகளும் தமிழர் கடைகளும் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தன.

1941 டிசம்பர் 23 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. யூதரும் தமிழரும் ஒரே மாதங்களில் ஓடினர். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் போனார்கள். கிடைக்காத ஏழைகள் அரக்கான் மலைகளையும் மணிப்பூர் வழியையும் நடந்தே கடந்தனர். பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் சுமார் 5 இலட்சம். பல்லாயிரம் பேர் வழியிலேயே பசியாலும் நோயாலும் மடிந்தனர். போர் முடிந்தபின் தமிழர் பலர் திரும்பிப் போனார்கள். 1962 இல் இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின் மீண்டும் வெறுங்கையோடு புறப்பட்டனர். சென்னையின் பர்மா பஜாரும் அங்கே விற்கும் அத்தோவும் அந்த இரண்டாவது ஓட்டத்தின் எச்சங்கள். யூதரில் மிகப் பலர் திரும்பவேயில்லை. இன்று யாங்கோனில் மிகச் சில யூதரே உள்ளனர். ஆனாலும் ஜெபாலயம் பூட்டப்படாமல் பேணப்படுகிறது. காளி கோயிலில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது.

முதல் அடைக்கலம் எப்போதும் கடைசி அடைக்கலம் ஆகிவிடுவதில்லை. கவுஃப்மானுக்கும் பம்பாய் கடைசி இடமாக அமையவில்லை.

மீண்டும் முதற்படி

1946 இல், இந்தியா சுதந்திரத்தின் வாசலில் நின்ற நேரத்தில், கவுஃப்மான் பம்பாயை விட்டு இலண்டனுக்குப் போனார். பன்னிரண்டு ஆண்டுகள் கட்டியதை விட்டுவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 39. இலண்டனில் சிறிது காலம். 1947 இல் கனடாவின் ஹலிஃபாக்ஸ் நகரில் ஓர் இசைக் கல்லூரியில் பியானோப் பகுதிக்குத் தலைவர். 1948 இல் வின்னிபெக்.

வின்னிபெக் சிம்பொனி இசைக்குழு அப்போதுதான் பிறந்திருந்தது. அதன் முதல் இசை இயக்குநராகக் கவுஃப்மான் பொறுப்பேற்றார். பனி முழங்கால்வரை கொட்டும் அந்தச் சமவெளி நகரத்தில், குடியேறி வந்த உக்ரேனியரும் யூதரும் ஜேர்மானியரும் நிறைந்த இடத்தில், ஒரு குழுவை அடியிலிருந்து பயிற்றி எடுத்தார். வின்னிபெக் பாலே நடனக் குழுவுக்கு 1949 இல் ‘விசாஜ்’ என்ற நடனத்துக்கு இசை எழுதினார். வின்னிபெக்கைச் சேர்ந்த பியானோக் கலைஞர் ஃபிரீடா ட்ரெப்பலை மணந்தார். ஒன்பது ஆண்டுகள் அங்கே கழிந்தன. குளிரையும் புதிய மனிதரையும் கண்டு மலைத்து நிற்கும் எம்மவர், 1948 இல் அங்கே வந்து இறங்கிய அந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம். அவர் பம்பாய் வெயிலிலிருந்து வந்தவர்.

1957 இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. கலாநிதிப் பட்டத்தைக் கொள்கைக்காக விட்டுவந்தவர், கடைசியில் பல்கலைக்கழகத்தில் இசையியல் கற்பித்தார். ஆண்டுக்கணக்கில் இந்தியாவில் கேட்டு எழுதிவைத்த குறிப்புகள் இங்கே புத்தகங்களாயின. 1968 இல் வட இந்திய ராகங்களைப் பற்றிய நூல். 1976 இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றிய நூல். கீழைநாடுகள் தங்கள் இசையை எழுதிவைத்த முறைகள் பற்றியும், திபெத்தியப் பௌத்த ஓதுதல் பற்றியும் வேறு நூல்கள். 1984 செப்டெம்பர் 9 ஆம் திகதி அவர் காலமானார்.

அந்தத் தென்னிந்திய ராக நூலைப் பற்றி ஒரு வார்த்தை. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி 72 மேளங்களாக ராகங்களை ஒழுங்குபடுத்திய முறையை எம் இசை ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். அந்த மேளங்களின்கீழ் ஒவ்வொரு ராகமும் எந்தச் சுரங்களால் ஆனது என்பதைக் கவுஃப்மான் மேற்கத்திய இசை எழுத்தில் அட்டவணைபோல் வரிசையாகத் தந்தார். கமகத்தையும் பாவத்தையும் எந்த அட்டவணையாலும் முழுதாகப் பிடிக்க முடியாது. அதை அவரது நூலும் பிடித்துவிடவில்லை. ஆயினும் தமிழ் தெரியாத மாணவர் ஒருவர் அமெரிக்க நூலகம் ஒன்றில் இருந்தபடி தோடியையும் கல்யாணியையும் தேடிப் பார்க்க அந்த நூல் ஒரு வாசலாயிற்று.

இழப்பின் கணக்கு

இவர் வாழ்க்கையை வெறும் வெற்றிக் கதையாகச் சொன்னால் அது நேர்மை ஆகாது. ஊர் ஊராக மாறிய இசையமைப்பாளருக்கு நிலையான இரசிகர் கூட்டம் கிடைப்பதில்லை. ஐரோப்பியருக்கு அவர் இசை இந்தியத்தனமானது. இந்தியருக்கு அது ஐரோப்பியத்தனமானது. அவர் எழுதிய ஓபராக்களும் சிம்பொனிகளும் நூலக அலுமாரிகளில் உறங்கின. கோடிக்கணக்கானோர் தினம் கேட்ட மெட்டுக்குக்கூட அவர் பெயர் ஒட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குக் கையில் தொழில் இருந்தது, சினிமாவில் நண்பர் இருந்தார், வெள்ளையர் ஆட்சியில் வெள்ளைத் தோலும் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு இவை எல்லாம் வாய்க்கவில்லை. 1986 இல் நியூஃபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைப் பற்றி எந்த ஜிம்கானாவும் அறிந்திருக்கவில்லை. ஊரில் கணக்காளராகவும் ஆசிரியராகவும் இருந்தவர்கள் இங்கே உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறார்கள். அவர் செய்தார், நீங்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்பதற்காக நாம் இதை எழுதவில்லை.

அண்மைக் காலத்தில் நிலை சற்று மாறியிருக்கிறது. நாடுகடந்த இசையமைப்பாளர்களைத் தேடி வாசிக்கும் ரொறன்ரோவின் ஏ.ஆர்.சி குழு, கவுஃப்மானின் அறையிசைகளை 2020 இல் இசைத்தட்டாக வெளியிட்டது. அதன்பின் பேர்லின் வானொலி சிம்பொனி இசைக்குழு அவருடைய ‘இந்திய சிம்பொனி’யைப் பதிவு செய்தது. எந்த நகரத்தில் யூதக் கலைஞருக்கு இடமில்லை என்றார்களோ, அந்த நகரத்தின் கலைஞர்களே அவருடைய இந்திய ராகங்களை வாசித்தார்கள். அதைக் கேட்க அவர் இருக்கவில்லை.

எங்கள் வீடுகளுக்கு

எங்கள் வீடுகளில் இரண்டு குரல்கள் எப்போதும் மோதுகின்றன. ஊர் முறையை விட்டால் எல்லாம் போய்விடும் என்கிறது ஒன்று. வந்த இடத்தோடு ஒட்டாவிட்டால் பிள்ளைகள் முன்னேறமாட்டார்கள் என்கிறது மற்றது. பெரும்பாலும் முதற் குரல் பெற்றோருடையது, இரண்டாவது பிள்ளைகளுடையது. சில வீடுகளில் மாறியும் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பா, விளையாட்டுப் பயிற்சியா என்று காலையிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது.

கவுஃப்மான் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யவில்லை. பேர்லினில் கற்றதை வியாழன்தோறும் பம்பாய் மக்களுக்கு வாசித்துக் காட்டினார். மற்ற நாட்களில் பம்பாய் மக்களிடம் கற்றார். கொடுக்கத் தம்மிடம் ஒன்று இருக்கிறது என்ற தன்மானமும், கற்கத் தமக்கு நிறைய இருக்கிறது என்ற அடக்கமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. தன்மானம் மட்டும் இருந்திருந்தால் அவர் ஜிம்கானா மண்டபத்தோடு நின்றிருப்பார். அடக்கம் மட்டும் இருந்திருந்தால் தம் இசையை மறந்துபோயிருப்பார்.

எனவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள்: உங்கள் பிள்ளை பள்ளிக்கூட இசைக்குழுவில் செலோ வாசிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். அதே பிள்ளையை வாரம் ஒருமுறை பாட்டு வகுப்புக்கும் அழைத்துப் போங்கள். இளையோருக்கு எங்கள் வேண்டுகோள்: அம்மம்மா பாடும் தாலாட்டு விளங்கவில்லை என்றால் அதைக் குறை சொல்லாமல், கவுஃப்மான் செய்ததுபோல் அருகே போய் இருந்து கேளுங்கள், ஒரு கொப்பியில் எழுதியும் வையுங்கள்.

எமது சமூகத்திலும் இப்படிப்பட்ட கலைஞர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஊரில் நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர்கள், மிருதங்கம் கற்பித்தவர்கள், கூத்துக்கு அண்ணாவிமாராக இருந்தவர்கள் இன்று தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் தெருவில், உங்கள் கோயிலில் அப்படி ஒருவர் இருந்தால் அவரது சம்மதத்தோடு அவருடைய கதையைக் கேட்டு எமக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ஊரில் யாரிடம் கற்றார், என்ன வாசித்தார், இப்போது யாருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறார் என்ற மூன்றையும் எழுதினாலே போதும். வரும் இதழ்களில் இடம் ஒதுக்கித் தருவோம்.